மேடு நிறைந்த நீண்ட சைக்கிள் பயிற்சி: தடம் பார்ப்பது முதல் கடைசி ஏற்றம் வரை

சமதளத்தில் 60 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டுகிறவர், 90 கி.மீ. தூரமும் 1,500 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு முதல் முறை ரோடு பைக்கை (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிளை) எடுத்துப் போகும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்: கடைசி ஏற்றத்தில். அங்கே கால் ஓய்ந்துபோவதற்கான காரணத்தை அங்கே தேடினால் கிடைக்காது. முதல் ஏற்றத்தில் காட்டிய வேகம், இரண்டாவது மணி நேரத்தில் சாப்பிடாமல் விட்டது, வீட்டிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டிய கியர் என்று எல்லாமே முன்னால் நடந்து முடிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டிக்கு ஒரே அளவுகோல்தான். முதல் ஏற்றத்துக்குக் கொடுத்த அதே முயற்சியைக் கடைசி ஏற்றத்துக்கும் கொடுக்க முடிந்தால் பயிற்சி சரியாக நடந்திருக்கிறது. மொத்த நேரம், சராசரி வேகம் இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கியரைத் தீர்மானிக்கச் சரிவு தெரிய வேண்டும், சாப்பாட்டைத் தீர்மானிக்க நேரம் தெரிய வேண்டும். ஒன்றுக்கு அடுத்தது காத்திருக்கிறது.

1. தடத்தைப் படியுங்கள், சராசரியை நம்பாதீர்கள்

வரைபடச் செயலி எதுவானாலும் உயர வரைபடத்தைக் காட்டும். அதில் தூரத்துக்கு முன்பு மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். வழியில் வரும் எல்லா மேடுகளின் உயரத்தையும் கூட்டினால் வருவதுதான் மொத்த ஏற்றம். கடந்த நான்கு வாரங்களில் ஒரே நாளில் நீங்கள் ஏறிய அதிகபட்ச ஏற்றம் எவ்வளவோ, அதைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. தூரம் கூடினால் உடம்பு களைக்கும். ஏற்றம் கூடினால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும், அந்த வலி ஆற நாளாகும்.

அடுத்து, ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 8 கி.மீ. தூரத்தில் 480 மீட்டர் உயர்ந்தால் சராசரிச் சரிவு 6%. இந்த 6% பலரை ஏமாற்றுகிறது. நடுவில் ஒன்றரை கி.மீ. சமதளம் இருந்தால், மீதிப் பாதை 7 சதவீதத்துக்கும் மேல் போய்விடும், அதற்குள் ஒரு கி.மீ. 10 சதவீதமாகவும் இருக்கலாம். உயர வரைபடத்தைப் பெரிதாக்கி, மிகச் செங்குத்தான ஒரு கி.மீ. எங்கே வருகிறது, எத்தனையாவது கி.மீ.யில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களைச் சோதிக்கப்போவது அந்த ஒரு கி.மீ.தான்.

பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். 6% சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுவீர்கள். 1,500 மீட்டர் ஏற இரண்டரை மணி நேரம். இதனுடன் சமதளம், இறக்கம், நிறுத்தம் எல்லாவற்றையும் கூட்டினால், சமதளத்தில் மூன்றரை மணி நேரத்தில் முடியும் 90 கி.மீ. இங்கே ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம் மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

தடத்தில் இன்னும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்கள், பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பக் குறுக்கு வழி, கைபேசிக்கு சிக்னல் இல்லாத பகுதி. ஏற்றங்களின் வரிசையை நீங்களே அமைக்க முடிந்தால், மிகச் செங்குத்தானதை நடுவிலும் நீளமான மிதமானதைக் கடைசியிலும் வையுங்கள். களைத்த காலால் 10% சரிவில் ஏறினால் தோரணை கெடும், தப்பான பழக்கம்தான் படியும்.

2. கியர் கணக்கு

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. ஏற்றத்தில் திணறுகிறவரைப் பார்த்து எல்லோரும் "கால் வலு போதாது" என்பார்கள். பல நேரம் போதாதது கியர்தான்.

முன்னால் உள்ள சின்னப் பற்சக்கரத்தின் பற்களை, பின்னால் உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்தின் பற்களால் வகுத்துக்கொள்ளுங்கள். அதைச் சக்கரத்தின் சுற்றளவான ஏறக்குறைய 2.1 மீட்டரால் பெருக்குங்கள். பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் சைக்கிள் எவ்வளவு நகரும் என்பது கிடைக்கும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் 2.23 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தால் மணிக்கு 8 கி.மீ. முன்னால் 39, பின்னால் 25 உள்ள பழைய அமைப்பில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 12 கி.மீ. போயாக வேண்டும்.

இப்போது மறுபக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 6% சரிவில் மணிக்கு 10 கி.மீ. போக 145 முதல் 150 வாட் வரை தேவைப்படும். அதே வாட்டில் 10% சரிவுக்கு வந்தால் வேகம் மணிக்கு 6 கி.மீ.யை ஒட்டி இறங்கிவிடும். 34-க்கு 32 கியரில் அந்த வேகம் என்றால் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கும் கீழே. ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் சுமையோடு ஏறுவது போல முழங்காலில் இறங்கும்.

எனவே விதி இது: நீங்கள் குறித்து வைத்த மிகச் செங்குத்தான ஒரு கி.மீ.யில், உங்களால் நீண்ட நேரம் கொடுக்க முடிந்த முயற்சியில், நிமிடத்துக்கு 60 சுற்றாவது வர வேண்டும். வராவிட்டால் இரண்டு வழி. பின்னால் 34 பல் வரை உள்ள கேசட்டுக்கு (பின்பக்கப் பற்சக்கரங்களின் தொகுதிக்கு) மாறலாம், அல்லது சரிவு குறைந்த வேறு தடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கேசட்டை மாற்றும்போது உங்கள் பின் டீரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அந்தப் பல் எண்ணிக்கையைத் தாங்குமா என்று பாருங்கள், செயின் நீளத்தையும் சரிபாருங்கள். பழைய செயின் குட்டையாக இருந்தால், முன்னாலும் பின்னாலும் மிகப் பெரிய பற்சக்கரங்களில் செயின் ஏறும்போது இறுகி டீரெய்லரையே பிய்த்துவிடும்.

இலகுவான கியர் போடுவது பலவீனத்தின் அடையாளம் என்று நினைக்கிறவர்களைப் பார்க்கிறேன். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களே செங்குத்தான மலை வரும் நாளில் பெரிய கேசட்டோடு வருகிறார்கள். தயங்காமல் போடுங்கள்.

3. முந்தைய நாள் மாலை சைக்கிளைச் சோதியுங்கள்

காலையில் சோதித்தால் கோளாறு தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது. அதனால் முந்தைய மாலையே செய்யுங்கள்.

முதலில் பிரேக். பேட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிம் பிரேக் பேட்களில் தேய்மானக் கோடு இருக்கும், பேட்டில் ஒட்டியிருக்கும் உலோகத் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டரில் (பேட் கவ்வும் உலோகத் தட்டில்) எண்ணெய்ப் பிசுக்கு படக் கூடாது. லீவரை முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் அந்தச் சைக்கிளை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இரண்டாவது, மிக இலகுவான கியர். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, செயினை மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். டீரெய்லர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகு தளர்ந்திருந்தாலோ, சைக்கிள் எப்போதாவது கீழே விழுந்து டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கி வளைந்திருந்தாலோ, செயின் பற்சக்கரத்தைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். சமதளத்தில் அந்தக் கியரைத் தொடவே மாட்டோம். அதனால் இந்தக் கோளாறு முதன்முதலாகத் தெரியவரும் இடம், ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும் இடமாகவே இருக்கும்.

மூன்றாவது, டயர். வெட்டு, ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டு எல்லாம் பாருங்கள். காற்றை டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்கு அடைக்க வேண்டாம். அது வரம்பு, பரிந்துரை இல்லை. 28 மி.மீ. டயரும் 70 கிலோ எடையும் என்றால் 65 முதல் 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) போதும். அதற்கு மேல் போனால் கரடான சாலையில் டயர் துள்ளும், வளைவில் பிடிப்பு குறையும். ஹூக் இல்லாத ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாதது) என்றால் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. அளவுதான் உச்ச வரம்பு, அதைத் தாண்டவே கூடாது.

செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், சக்கரங்களின் அச்சு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். அவ்வளவுதான். புது சீட், புது காலணி, புது ஹேண்டில்பார் உயரம் எதையும் இந்த நாளில் முயன்று பார்க்காதீர்கள்.

4. எடுத்துச் செல்ல வேண்டியவை

இரண்டு டியூப், டயர் நெம்புகோல் இரண்டு, பம்ப், பஞ்சர் ஒட்டு, மல்டி-டூல், அறுந்த செயினை இணைக்க ஒரு குவிக் லிங்க். டயர் கிழிந்தால் உள்ளே வைக்கத் தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று. முன்விளக்கு, பின்விளக்கு, கைபேசி, கொஞ்சம் பணம், அடையாள அட்டை.

ஒரு மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயம். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அந்தக் குறைவைவிட, வேர்வையில் நனைந்த உடம்போடு வேகமாக இறங்கும்போது அடிக்கும் காற்றுதான் நடுக்கத்தைக் கொண்டுவரும். விரல் விறைத்தால் பிரேக் லீவரை அழுத்த முடியாது.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

5. சாப்பாட்டையும் தண்ணீரையும் கடிகாரத்தோடு கட்டுங்கள்

80 கிலோவை 1,500 மீட்டர் மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 1,180 கிலோ ஜூல் வேலை ஆகிறது. நம் உடம்பு தான் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைக்கூடப் பெடலுக்குத் தருவதில்லை, மீதி வெப்பமாகப் போகிறது. அந்தக் கணக்கில், ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1,200 கிலோ கலோரி செலவாகும். சமதளம் தனி. உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து நன்றாகச் சாப்பிட்ட ஒருவருக்கே 2,000 கிலோ கலோரியை ஒட்டித்தான் இருக்கும். வழியில் சாப்பிடாவிட்டால் கடைசி ஏற்றத்துக்கு வரும்போது அது காலியாகிவிடும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு நான் 60 கிராம் பக்கமே நிற்கச் சொல்வேன். குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் அதற்கு வயிற்றைப் பல வாரம் பழக்க வேண்டும்.

முதல் வாய் உணவு கிளம்பிய 30 நிமிடத்துக்குள். அதன் பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். தின்றது ரத்தத்தில் சேரவும் நேரம் வேண்டும். கைக்கடிகாரத்தில் நினைவூட்டலை வையுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், மெல்ல முடியாது. இறக்கத்தில் கையை எடுக்கக் கூடாது. ஆகவே சாப்பிட வேண்டிய இடம் ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் வரும் சமதளம். தடத்தில் அந்த இடங்களையும் குறித்து வைத்தால் மறக்காது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். நீண்ட நேரப் பயணத்தில் உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும் வைப்பது நல்ல ஏற்பாடு.

6. முதல் அரை மணி நேரம்

மெதுவாக ஓட்டுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். வீட்டு வாசலிலேயே ஏற்றம் தொடங்குகிறது என்றால், முதலில் சமதளத்தில் 15-20 நிமிடம் சுற்றிவிட்டு வாருங்கள். குளிர்ந்த தசையோடு ஏறத் தொடங்கினால் முதல் சில நிமிடத்திலேயே தொடை எரியத் தொடங்கும், அந்த எரிச்சல் நாள் முழுவதும் கூடவே வரும்.

7. ஏறும் முறை

*கியர் மாற்றும் நேரம்.* ஏற்றத்தின் அடியை எட்டுவதற்கு முன்பே முன்பக்கச் சின்னப் பற்சக்கரத்துக்கு மாறுங்கள். மாறும் அதே கணத்தில் பின்பக்கம் ஒன்றிரண்டு கியர் கடினமாக்குங்கள், இல்லாவிட்டால் கால் திடீரென்று காற்றில் சுற்றும். சரிவில் முழு பலத்தோடு மிதித்தபடி முன்கியரை மாற்றினால் செயின் கழன்று உள்ளே விழும். கழன்றுவிட்டால் பதறி அழுத்தாதீர்கள். மென்மையாக மிதித்தபடி முன்பக்கப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் பல நேரம் தானாக ஏறிவிடும்.

*முதல் ஐந்து நிமிடம்.* கால் புதிதாக இருக்கும், உற்சாகம் இருக்கும், இதயத் துடிப்பு இன்னும் ஏறியிருக்காது. முயற்சி கூடிய பிறகு துடிப்பு அதற்கேற்ப உயர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதனால் அடிவாரத்தில் துடிப்பளவியைப் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறது" என்று அழுத்துவது தப்பு. ஐந்து நிமிடத்தில் அது உங்களைப் பிடிக்கும்போது திரும்ப வழியிருக்காது. அடிவாரத்தில் மிக இலகுவாகத் தோன்ற வேண்டும், அதுதான் சரியான வேகம்.

*எவ்வளவு முயற்சி.* பவர் மீட்டர் (மிதிக்கும் வலுவை வாட்டில் காட்டும் கருவி) இருந்தால், ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உங்கள் உச்ச வாட்டில் 75 முதல் 80 சதவீதத்துக்குள் முதல் ஏற்றத்தை வையுங்கள். இல்லாவிட்டால் பேச்சே அளவுகோல்: நாலைந்து சொல் சேர்ந்து வர வேண்டும். ஒற்றைச் சொல்லுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். செங்குத்தான துண்டு வரும்போது வேகத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முயற்சியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை விழ விடுங்கள். இது மனத்துக்குக் கடினம், ஆனால் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

*சுழற்சி.* நிமிடத்துக்கு 70 முதல் 85 சுற்று பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதற்குக் கீழே போகும்போது உழைப்பு மூச்சிலிருந்து தசைக்கு மாறுகிறது. மூச்சு சில நிமிடத்தில் திரும்பும், தசை அந்த நாளில் திரும்பாது.

*உட்காரும் விதம்.* கை ஹேண்டில்பாரின் மேல்பகுதியில், முழங்கை தளர்வாக, தோள் காதைவிட்டுக் கீழே. இறுக்கிப் பிடிக்கிற கை ஒரு மீட்டர்கூட முன்னே தள்ளாது. சீட்டில் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தால் இடுப்புத் தசை வேலை செய்யும், முன்னால் நகர்ந்தால் தொடையின் முன்தசை. நீண்ட ஏற்றத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

*எழுந்து மிதிப்பது.* பெரும்பகுதி உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து மிதித்தால் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு கூடுதலாகும். ஆனால் சில நிமிடத்துக்கு ஒரு முறை 10-15 மிதிகள் எழுந்து மிதிப்பது முதுகுக்கு நல்லது. எழுவதற்கு முன் ஒரு கியர் கடினமாக்குங்கள், பெடல் கீழே இறங்கும் தருணத்தில் எழுங்கள். சட்டென்று எழுந்தால் சைக்கிள் சற்றுப் பின்வாங்கும், பின்னால் ஒட்டி வருகிறவரின் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசி அவர் விழுவார்.

*கொண்டை ஊசி வளைவு.* வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு சாய்வு குறைவு. உங்கள் லேனுக்குள் எவ்வளவு வெளியே போக முடியுமோ அவ்வளவு போங்கள். சரிவு குறையும் அந்தச் சில மீட்டரில் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுத் தொடருங்கள்.

*வழியில் நின்றுவிட்டால்.* செங்குத்தில் மீண்டும் ஏறிக் கிளம்புவது தனிக் கலை. மிக இலகுவான கியருக்குப் போகாதீர்கள், அரைச் சுற்றில் வேகம் செத்துவிடும். வண்டி வராதபோது சாலைக்குக் குறுக்காகச் சைக்கிளைத் திருப்பி, ஒரு பெடலை முன்பக்கம் மேலே நிறுத்தி, ஒரே அழுத்தாக அழுத்திக் கிளம்பி அப்புறம் மேல்நோக்கித் திரும்புங்கள். கிளிப் காலணியைப் பெடலில் மாட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம், முதலில் உருளட்டும்.

கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் ஏற்றத்தில் ஒன்றாகப் போக முயலாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம். சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேகமான நண்பரின் சக்கரத்தைப் பிடித்து முதல் மலையில் தொங்கியவரைத்தான் கடைசி மலையில் காத்திருந்து கூட்டி வர வேண்டியிருக்கிறது.

8. உச்சியில் சில நிமிடம்

ஏறியதும் அப்படியே இறங்கிவிடுவது பொதுவான தவறு. சாலையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை மேலே வரை இழுங்கள், படபடவென்று அடிக்கும் ஜாக்கெட் கவனத்தைக் கலைக்கும். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். ஒரு வாய் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். மூச்சு அடங்கிய பிறகு கிளம்புங்கள். வாங்கும் மூச்சோடு இறங்கினால் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மெதுவாகும். ஐந்து நிமிடத்துக்கு மேலும் வேண்டாம், தசை இறுகிவிடும்.

9. இறக்கம்

பயிற்சிப் பலன் எல்லாம் ஏற்றத்தில்தான். இறக்கத்தில் மிச்சப்படுத்தும் ஒரு நிமிடத்தால் உங்கள் உடம்புக்கு எந்த வளர்ச்சியும் இல்லை. எனவே இங்கே ஒரே குறிக்கோள் பத்திரமாகக் கீழே சேர்வது.

கையை ஹேண்டில்பாரின் கீழ்வளைவுக்குக் கொண்டு போங்கள். அங்கிருந்து லீவருக்கு நெம்புவலு அதிகம், குழியில் இடித்தாலும் கை நழுவாது. உடம்பின் எடையைச் சீட்டில் கொட்டாமல் பெடலில் தாங்குங்கள். முழங்கை மடங்கியிருக்கட்டும்.

வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். டயரின் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. சாய்ந்து திரும்பும்போது அதில் பெரும்பகுதி திரும்புவதற்கே போய்விடும், அப்போது பிரேக்கையும் அழுத்தினால் மிச்சமிருப்பது தீர்ந்து சக்கரம் வழுக்கும். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு. அதைக் கண்டு பயந்து பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவர்களின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள்.

வேகம் இரட்டிப்பானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அது முழுவதும் வெப்பமாகிறது. நீண்ட இறக்கத்தில் லேசாக இழுத்துப் பிடித்தபடியே வந்தால் ரிம்மும் ரோட்டரும் ஆற வாய்ப்பே இல்லை. ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம் பழுதாகலாம். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், காற்றில் ஆறட்டும், மறுபடி அழுத்துங்கள். இறங்கியவுடன் ரோட்டரைக் கையால் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன் மேல் எடை. பார்வை வளைவின் முடிவில். குழியையே பார்த்தால் குழிக்குத்தான் போவீர்கள், சைக்கிள் கண் போகும் வழியில் போகும். மறைவான வளைவில் எதிர்லேனுக்குள் ஒரு விரற்கடைகூடப் போகாதீர்கள். கொண்டை ஊசியின் உள்விளிம்பில் சரளை சேர்ந்திருக்கும். மழை பெய்தால் சாலைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும், ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வேகத்தில் முன்பக்கம் ஆடத் தொடங்கினால், இறுக்கிப் பிடிப்பது ஆட்டத்தைக் கூட்டும். முழங்காலால் சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயை அணைத்துக்கொண்டு, சீட்டிலிருந்து எடையைச் சற்று எடுத்து, பிடியைத் தளர்த்தி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். அணைத்த முழங்கால் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

10. இடையில் ஒரு முடிவு

கடைசி ஏற்றத்துக்கு முன்னால், குறுக்கு வழி பிரியும் இடத்தில் நின்று மூன்று கேள்விகள்: திட்டமிட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறேனா? தசைப்பிடிப்பு வந்து போகிறதா? வெளிச்சம் போதுமா? ஒன்றுக்குத் தப்பான பதில் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது, இரண்டுக்கு என்றால் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போங்கள். தலைசுற்றல், வாந்தி உணர்வு, நெஞ்சுவலி எதுவானாலும் கேள்வியே தேவையில்லை, அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள்.

தசைப்பிடிப்பு முதன்முதலாக வெட்டினால் கியரை இலகுவாக்கி, முயற்சியைக் குறைத்து, நின்று மெதுவாக நீட்டுங்கள். களைப்புதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்தால் மறுபடி வரும்.

11. கடைசி ஏற்றம்

முதல் ஏற்றத்தில் செய்ததையே இங்கும் செய்யுங்கள். அதே சுழற்சி, அதே மூச்சு. இதயத் துடிப்பு மட்டும் அதே வாட்டுக்குச் சற்று அதிகமாக இருக்கும். மணிக்கணக்கில் வெப்பமும் நீரிழப்பும் சேரும்போது துடிப்பு மேலே போவது இயல்பு. அதனால் இந்த நேரத்தில் துடிப்பளவியைவிட மூச்சையும் வாட்டையும் நம்புங்கள்.

ஏற்றத்தைத் துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வளைவு வரை, அடுத்த மைல்கல் வரை. உண்மையிலேயே தெம்பு மிச்சம் இருந்தால் கடைசி ஒரு கி.மீ.யில் கொஞ்சம் கூட்டலாம். அதற்கு முன்னால் கூட்ட வேண்டாம்.

12. திரும்பிய பிறகு

கடைசி 10 நிமிடம் இலகுவாகச் சுற்றி வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தோடு 20 முதல் 30 கிராம் புரதமும் சேர்ந்த உணவு. கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், அடுத்த முறை பாட்டில் கணக்கை அதை வைத்துத் திருத்தலாம். பிரேக் பேட்டையும் பாருங்கள், ஒரே நீண்ட இறக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேய்த்திருக்கும்.

அன்றே குறித்து வையுங்கள்: முதல் ஏற்றத்தின் வாட் அல்லது துடிப்பு, கடைசி ஏற்றத்தின் அதே எண், சாப்பிட்ட அளவு, மிக இலகுவான கியர் போதுமானதாக இருந்ததா. அடுத்த இரண்டு நாள் ஓய்வோ இலகுவான ஓட்டமோ. இதே அளவு நீண்ட மலைப் பயிற்சி இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

கடைசி ஏற்றம் தளர்ந்துபோயிருந்தால், அடுத்த முறை அதே தடத்தையே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: முதல் ஏற்றத்தின் வேகம், அல்லது சாப்பாட்டின் அளவு, அல்லது கேசட். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. இரண்டு ஏற்றத்தின் எண்களும் நெருங்கி வந்த பிறகு தடத்தில் இன்னொரு மேட்டைச் சேருங்கள்.